டொம்முவின் தலையும் மல்லிகா அக்காவின் குரலும்

"அக்கா, படத்துல வர்ற மாதிரியே பண்ணிடலாமா?"

குழுவுக்குப் புதிதாக வருகிற எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். போன வாரம் உங்களில் ஒருத்தி கேட்டபோது நான் பதில் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமில்லை. அதற்கான பதில் ஒரு வாக்கியத்தில் அடங்காது. அதனால் எழுதுகிறேன்.

இனி இந்தக் குழுவை நீங்கள்தான் நடத்தப் போகிறீர்கள். நான் புதுச்சேரிக்கு நாடகம் படிக்கப் போகிறேன். முப்பது வயதைத் தாண்டியதும் ஒருத்தி விடைபெறுகிறேன் என்று எழுதுவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் கார்ட்டூன் படங்களை மேடைக்குக் கொண்டுவரும் வேலையை விருத்தாசலத்தில் ஆரம்பித்தவள் நான். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குள் மாணவியாகக் காலெடுத்து வைத்த முதல் ஆளும் நான்தான். அப்பா செராமிக் கம்பெனியில் சூளைக்குச் சரக்கு அடுக்குபவர். என் மார்க் அட்டையில் கைநாட்டு வைக்கக் கூடாது என்பதற்காகவே கையெழுத்துப் போடப் பழகியவர். இதையெல்லாம் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டிய இடத்தில் அடக்கமாக இருப்பது எனக்கு வராது.

இப்போது டொம்முவின் கதைக்கு வருகிறேன்.

டொம்மு ஒரு நீர்யானைக் குட்டி. அந்தப் படம் வந்த கோடையில் ஊரில் பார்க்காத பிள்ளையே கிடையாது. தியேட்டரில் பார்த்தவர்கள் பாதி, அப்பாவின் போனில் பார்த்தவர்கள் மீதி. குளம் வற்றிப்போகிறது, டொம்மு தண்ணீர் தேடிக் கிளம்புகிறான், எங்கும் கிடைக்காமல் கடைசியில் தனியாக உட்கார்ந்து அழுகிறான். அவன் கண்ணிலிருந்து விழும் ஒரு சொட்டு பெரிதாகி, ஓடையாகி, ஆறாகி, திரை முழுவதும் தண்ணீராகிறது. அப்போது வரும் பாட்டை எல்லாப் பிள்ளைகளும் பாடிக்கொண்டு திரிந்தார்கள். படம் எடுத்தவர்களிடம் கேட்டு, பள்ளிகளில் மட்டும் நாடகமாக நடத்திக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தோம். ஊரில் ஒரு தனியார் பள்ளி, ஆண்டுவிழாவுக்கு அதைக் கேட்டது.

இந்த மாதிரிப் படத்தை மேடையேற்றுவதில் முதல் சிக்கல் பறப்பதோ விழுவதோ அல்ல. பார்க்க வருகிறவர்களுக்குப் படம் மனப்பாடம் என்பதுதான். பெரியவர்களுக்கு நாடகம் போட்டால் கதை என்ன ஆகும் என்று காத்திருப்பார்கள். பிள்ளைகள் அப்படிக் காத்திருப்பதில்லை, சரிபார்க்கிறார்கள். படத்தில் டொம்மு மலையிலிருந்து விழுந்து தோசைபோலத் தட்டையாகிறான், உடனே 'பொளக்' என்று உப்பிக்கொள்கிறான். மேடையில் நம் ஆள் விழுந்தால் முட்டிதான் உப்பும்.

அதனால் ஒத்திகைக்கு முன்பு நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, படத்தைப் போடாமல் கதையை மட்டும் சொல்லச் சொன்னேன். துரத்தல், சண்டை, தோசையான கதை எல்லாவற்றையும் அவர்கள் ஓட்டமாகச் சொல்லித் தாண்டினார்கள். அழுகிற இடம் வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் நிதானமானது. ஒரு பெண் அந்த இடத்தைச் சொல்லும்போது தன் கன்னத்தைத் தானே தொட்டுக்கொண்டாள். நாடகம் எங்கே இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அந்த ஒரு சொட்டுக் கண்ணீரை மேடையில் கொண்டுவந்துவிட்டால் போதும், மற்றதையெல்லாம் பிள்ளைகள் மன்னித்துவிடுவார்கள்.

முதலில் எல்லோரும் செய்வதுபோல நீலத் துணியை விரித்து ஆட்டிப் பார்த்தோம். ஒத்திகை பார்க்க வந்த வாண்டு ஒன்று, "அது துணி" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தியது. துணியை மடித்து வைத்துவிட்டோம்.

வழி காட்டியது மல்லிகா அக்காவின் வேலை. அவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும்; அப்போது குழுவுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பீங்கான் பியூஸ் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. ஒரு துண்டை எடுத்து இன்னொன்றோடு தட்டுவார். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் விரிசல். கழித்த துண்டுகளை முறத்தில் போட்டுப் புடைத்துக் கொட்டுவார்கள். ஒருநாள் அவரைக் கூட்டிவரக் கம்பெனிக்குப் போனபோது வெளியே நின்றிருந்தேன். உள்ளே மழை பெய்கிற சத்தம் கேட்டது. வானம் வெளுத்துக் கிடந்தது. எட்டிப் பார்த்தால், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் பீங்கான் சில்லுகளைப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படித்தான் கண்ணீர் ஆறாகிற இடத்தைச் சத்தமாகவே செய்வது என்று முடிவானது. முதலில் ஒரே ஒரு துண்டு கணீரென்று விழும். பிறகு ஒரு முறம். பிறகு குழுப் பெண்கள் எல்லோரின் முறமும். அதற்கு மேலே மல்லிகா அக்காவின் பாட்டு.

அவர்தான் டொம்மு. அவர் பாட்டு வகுப்புக்குப் போனவரில்லை. தட்டித் தட்டிக் கேட்டே பழகிய காது, வேலை செய்துகொண்டே பாடிப் பழகிய குரல். அதைவிட முக்கியமான செய்தி, நாங்கள் நாடகம் போடப்போகிற அதே பள்ளியில்தான் அவர் மகள் ரம்யா ஐந்தாம் வகுப்புப் படித்தாள். எங்கம்மாதான் டொம்மு, எங்கம்மாதான் பாடப் போகிறார் என்று அவள் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். யாரும் நம்பவில்லையாம். "நம்ம ஸ்கூலுக்கு டொம்மு எப்படிடி உங்க வூட்டுலேர்ந்து வரும்?" என்று கேட்டார்களாம்.

"வரட்டும், காட்டுறேன் அதுங்களுக்கு" என்றார் மல்லிகா அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து குளிர்ந்த தண்ணீரைத் தொடவில்லை.

படத்தில் டொம்முவுக்கு உடம்பில் பாதி தலை. அந்தத் தலை இல்லாவிட்டால் பிள்ளைகள் அவனை அடையாளம் காண மாட்டார்கள். தலையைச் செய்ய ஏழுமலை அண்ணனை விட்டால் ஆள் இல்லை. பொம்மைக் கம்பெனிகளுக்கு அச்சு செய்து கொடுப்பவர். களிமண்ணில் உருவம் பிடித்து, அதன்மேல் பிளாஸ்டரை ஊற்றி அச்சு எடுத்து, அந்த அச்சுக்குள் காகிதமும் பசையுமாக ஒட்டிக் காயவைத்து எடுப்பதாகத் திட்டம். மல்லிகா அக்காவின் தலையை நூலால் சுற்றி, அந்த நூலை என் தையல் டேப்பில் வைத்து அங்குலத்தைக் குறித்துக்கொண்டு போனார். உள்ளே தலையைப் பிடித்துக்கொள்ள ஒரு வளையம், டொம்முவின் மூக்குத் துளை வழியாக அவர் பார்க்க வேண்டும், வாய் வழியாகப் பாட வேண்டும். எல்லாம் பேசி வைத்ததுதான்.

இடையில் மழை பிடித்துக்கொண்டது. காகிதம் காயவே இல்லை. தலை வந்து சேர்ந்தது விழாவுக்கு முந்தின நாள், பள்ளி மைதானத்தில் பந்தலுக்குக் கீழே நாங்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த காலை நேரம்.

வண்டியிலிருந்து இறக்கியதும் எல்லோரும் கைதட்டினோம். அப்படியே டொம்மு. கன்னத்துக் குழி முதற்கொண்டு இருந்தது. மல்லிகா அக்கா மாட்டிக்கொண்டார். தலை 'தொப்'பென்று தோளில் இறங்கி உட்கார்ந்தது. பார்ப்பதற்கு வைத்த துளை அவர் தாடைக்கு நேராகப் போய்விட்டது.

"யாருங்க கரண்ட்ட நிறுத்துனது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் தலையைத் திருப்பினார். உள்ளே அவர் திரும்பினார். டொம்மு திரும்பவில்லை, முறைத்த இடத்தையே முறைத்துக்கொண்டு நின்றான். பெண்கள் சிரித்தே உட்கார்ந்துவிட்டார்கள்.

ஏழுமலை அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அளவு தப்பாவாது. ஏழுமலை அளவு எந்நாளும் தப்பாவாது" என்று சொல்லி, இடுப்பிலிருந்து தன் மரஸ்கேலை உருவி வளையத்தை அளந்தார். "இந்தா பாரு டைரக்டரம்மா. நூலு அளவு என்னவோ அதான் இருக்குது!"

தையல்காரர் டேப்பை எடுத்து நானும் அளந்தேன். வளையம் பெரிதாக இருந்தது. அவர் ஸ்கேலையும் என் டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவருடைய ஒரு அங்குலம் என்னுடைய ஒரு அங்குலத்தைவிடக் கொஞ்சம் நீளம்.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நெற்றியில் அறைந்துகொண்டார். "அட கடவுளே. சூளைக்கு வச்சுட்டேன்!"

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மண் காயும்போது சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். அதனால் அச்சு செய்கிறவர்கள் எதையும் ஒரு பங்கு பெரிதாகவே செய்வார்கள். ஒவ்வொரு முறையும் கணக்குப் போடாமல் இருக்க, சுருக்கத்தையும் சேர்த்துக் கோடு கிழித்த ஸ்கேலை வைத்திருப்பார்கள். ஏழுமலை அண்ணனின் கை வாழ்நாள் முழுக்க அந்த ஸ்கேலைத்தான் பிடித்திருக்கிறது. வேகப் போகாத காகிதத் தலையையும் வேகப் போவதாகவே செய்துவிட்டார். வேறு எந்த ஊரிலும் இந்தத் தவறு நடந்திருக்காது.

"அப்ப இத சூளையில வச்சு எடுங்கண்ணே, சரியாப்பூடும்" என்றார் மல்லிகா அக்கா.

"காயிதம்மா அது. சாம்பல்தான் வரும்."

"எப்படியும் நாளைக்கு நம்ம மூஞ்சியில கரி பூசப் போறாங்க, அதுக்கு ஆவட்டும்."

சிரித்து முடித்ததும் வேலையைப் பார்த்தோம். வளையத்தைச் சுற்றித் துணியை அடைத்தோம். தலை ஆடாமல் நின்றது, கண்ணுக்கு நேரே துளை வந்தது. "பாடுங்கக்கா" என்றேன். பாடினார். கிணற்றுக்குள் விழுந்த ஆள் உதவிக்குக் கூப்பிடுவதுபோல இருந்தது. துணியை எடுத்தால் குரல் வந்தது, தலை நிற்கவில்லை. துணியை வைத்தால் தலை நின்றது, குரல் வரவில்லை. உள்ளே மைக்கைக் கட்டிப் பார்த்தோம். மூச்சு விடுகிற சத்தம் மைதானம் முழுவதும் கேட்டது.

இதையெல்லாம் பள்ளித் தாளாளர் ஓர் ஓரமாக நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. விழா கெட்டுவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு. என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, எதுக்கு இவ்ளோ கஷ்டம்? படத்துப் பாட்டப் போட்டுடுவோம். பிள்ளைங்களுக்குத் தெரிஞ்ச பாட்டு. அந்தம்மா தலைய மாட்டிக்கிட்டு சும்மா ஆடுனா போதும். வாய் கூட அசைக்க வேணாம், வாய்தான் தெரியாதே."

"அவங்க பாடுறதாத்தான் சார் ஒத்திகை பண்ணியிருக்கோம்."

"நீ படிச்ச பொண்ணு. உனக்குச் சொல்லணுமா? யாரு பாடுனா என்னா, பாட்டுதானே வேணும்."

நான் படித்த பள்ளியில் ஆண்டுவிழா என்றால் டேப் ஓடும், நாங்கள் வாயசைப்போம். நன்றாகப் பாடுகிற பெண்கள் எங்களில் இருந்தார்கள். அவர்கள் குரலை அந்தப் பள்ளி ஒருநாளும் கேட்டதில்லை. அது நினைவுக்கு வந்தது.

"படிச்சதாலதான் சார் சொல்றேன். நாளைக்கு டொம்மு தலையும் மேடையில இருக்கும். மல்லிகா அக்கா குரலும் இருக்கும்."

"எப்படிம்மா?"

"நாளைக்குப் பாருங்க சார்."

எப்படி என்று எனக்கு அப்போது தெரியாது. இதை உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் 'பார்க்கலாம் சார்' என்று சொல்லியிருந்தால், அந்த நிமிடமே பாட்டுப் பெட்டி வென்றிருக்கும். வழி தெரியாத நேரத்தில் எதை விட்டுக்கொடுக்க முடியாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். வழியைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

தாளாளர் பெருமூச்சு விட்டார். "சரி. ஆனா படத்துப் பாட்டு பென்டிரைவுல சவுண்டு ஆளுகிட்ட இருக்கும். சொதப்புற மாதிரி தெரிஞ்சா நான் கையத் தூக்குவேன், அவரு போட்டுடுவாரு. சரிதானே?"

இதை மல்லிகா அக்காவிடம் சொன்னேன். அவர் டொம்முவின் தலையை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பாட்டு பொட்டியிலேர்ந்து வந்துச்சுன்னா உள்ள நிக்கிறது நான்தான்னு எம் பொண்ணு எப்படி சொல்லும்? யாரு நம்புவாங்க? பொம்மையா நிக்கிறதுக்கு நான் எதுக்கு தங்கச்சி? அதான் கம்பெனிக் கம்பெனியா பொம்ம நிக்குதே."

சாப்பாட்டு நேரம் வந்தது. தரையெல்லாம் மழை ஈரம். டொம்முவின் தலையைக் கீழே வைத்தால் காகிதம் ஊறிவிடும். பள்ளிப் படிக்கட்டில் உட்கார்ந்து, மல்லிகா அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு கையால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார், மறுகையால் தலை உருளாமல் பிடித்துக்கொண்டார். அதன் காதில் ஒட்டியிருந்த காகிதப் பிசிறைக் கிள்ளி எடுத்தார். எடுத்துக்கொண்டே, தன்னையறியாமல் அந்தப் பாட்டை முனகினார்.

நான் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

ஆள்மேல் பெரிதாகத் தெரிந்த தலை, மடியில் சரியான அளவாக இருந்தது. அம்மா மடியில் தூங்குகிற பிள்ளை அளவு. அவர் முகமும் தெரிந்தது, டொம்முவின் முகமும் தெரிந்தது. நாங்கள் காலையிலிருந்து தலையையும் குரலையும் ஒரே இடத்தில் வைக்கத்தானே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்? இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? படத்தில் மட்டும் அப்படியா இருந்தது? டொம்முவை வரைந்தவர்கள் ஒரு ஊரில் வரைந்தார்கள். பாடியவர் எங்கோ ஓர் அறையில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பாடினார். இரண்டையும் சேர்த்து டொம்மு ஆக்கியவர்கள் பார்த்த பிள்ளைகள்தான். திரையில் சேர்த்த பிள்ளைகள் மேடையில் சேர்க்க மாட்டார்களா?

"அக்கா, அப்படியே இருங்க" என்றேன். "நாளைக்கு இதான் பண்றோம்."

"எது, சோறு திங்கிறதா?"

விளக்கிச் சொன்னேன். தலையோடு வர வேண்டும், ஆட வேண்டும், தண்ணீர் தேடி ஓட வேண்டும். அழுகிற இடத்தில், எல்லாப் பிள்ளைகளும் பார்க்கிறபோதே, தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பாட வேண்டும். ஏழுமலை அண்ணன் கேட்டுவிட்டு, "கழட்டுனா பிள்ளைங்க கத்துமேம்மா" என்றார். கத்தத்தான் செய்யும். எனக்கும் பயம் இருந்தது. பிள்ளைகளுக்கு முன்னால் பொம்மையைப் பிரித்துக் காட்டுவது லேசான காரியம் இல்லை. ஆனால் மல்லிகா அக்கா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "கத்தட்டும். அதுங்க கத்துறதவிட நான் சத்தமா பாடுவேன்."

மறுநாள் மதியம் பந்தல் நிறைந்தது. ஏழுமலை அண்ணன் துணியடைத்த வளையத்தை, கழற்றுவதற்குத் தோதாகக் கயிறு வைத்து மாற்றியிருந்தார். டொம்மு மேடைக்கு வந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று கூச்சலிட்டார்கள். அவன் ஓடினான், வழுக்கினான், தட்டையாக விழுந்தான். உப்பிக்கொள்கிற இடத்தில் 'பொளக்' என்று அவர்களே கத்தினார்கள். எல்லாம் நன்றாகப் போனது.

பிறகு டொம்மு நடுமேடையில் தனியாக உட்கார்ந்தான். மல்லிகா அக்கா கயிற்றை இழுத்தார். இரண்டு கையாலும் தலையைத் தூக்கினார்.

"அய்ய, ஆளு!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து பந்தல் முழுவதும் இரைச்சல். "டேய், அது பொம்பளடா!" "டொம்மு தல கழண்டுடுச்சு!" அப்புறம் ஒரு பெண் பிள்ளையின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது: "ஏய், அது ரம்யாவோட அம்மாடி!"

சிரிப்பு. பெரிய சிரிப்பு. மல்லிகா அக்கா தலையை மடியில் வைத்துவிட்டார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவர் கண்கள் கூட்டத்தில் மகளைத் தேடின.

நான் பந்தலின் பின்பக்கம், சவுண்டு மிக்சர் இருந்த மேசைக்கு அருகே நின்றிருந்தேன். முதல் வரிசையில் தாளாளரின் கை மேலே எழுவதைப் பார்த்தேன். சவுண்டு அண்ணன் பென்டிரைவுப் பாட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு அந்தக் கைக்காகத்தான் காத்திருந்தார்.

அந்த நேரத்தில் யோசிப்பதற்கு இடமில்லை. நான் நகர்ந்து போய் மேசைக்கு நேர் முன்னால் நின்றேன். எனக்கு உயரம் உண்டு. அன்றைக்குப் புடவை வேறு கட்டியிருந்தேன். எனக்குப் பின்னால் முதல் வரிசை அவருக்குத் தெரிந்திருக்காது.

"ஏம்மா, நவுரு. சார் கையத் தூக்குறாரான்னு பாக்கணும்."

"என்னைப் பாருங்கண்ணே."

"சார் திட்டுவாரும்மா."

"என்னைத் திட்டட்டும். நீங்க மேடை மைக்க மட்டும் தூக்கி வைங்க."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு விரலைப் பாட்டிலிருந்து எடுத்து மைக்கின் பொத்தானுக்குக் கொண்டுபோனார். ஏன் என் பேச்சைக் கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கெஞ்சவில்லை என்பதாலாக இருக்கலாம்.

அதற்குள் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து நின்றுவிட்டது. நீல ரிப்பன், இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. ரம்யா. சுற்றியிருந்தவர்களைப் பார்த்து இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கத்தினாள்:

"சும்மா இருங்கடா! எங்கம்மா பாடப் போவுது!"

மேடையில் மல்லிகா அக்கா மகளைக் கண்டுகொண்டார். டொம்முவின் காதைத் தடவினார். பாடத் தொடங்கினார்.

படத்தில் அந்தப் பாட்டுக்கு ஐம்பது வயலின் பின்னால் இருந்ததுபோலக் கேட்கும். இங்கே ஒன்றுமில்லை. ஒரு குரல். சாணை பிடிக்காத, கொஞ்சம் கரகரப்பான, நேராக வருகிற குரல். முதல் வரி முடிவதற்குள் முன்வரிசை அடங்கியது. இரண்டாவது வரியில் அவர் பிள்ளைகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, மடியில் இருந்த தலையைப் பார்த்துப் பாடினார். படத்தில் டொம்மு தனியாக அழுவான். இங்கே அவனை யாரோ மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எழுதாத காட்சி அது. முன்வரிசையில், முதலில் 'ஆளு' என்று கத்திய பொடியன் பக்கத்துப் பையனிடம் கேட்டது பின்பக்கம் நின்ற எனக்கும் காதில் விழுந்தது: "அது அழுவுதாடா?"

அவன் கேட்டது மல்லிகா அக்காவை இல்லை. டொம்முவை.

கணீரென்று ஒரு பீங்கான் துண்டு விழுந்தது. பிறகு ஒரு முறம் அசைந்தது. பிறகு எல்லா முறங்களும். மேலே பந்தல் துணி உலர்ந்து கிடந்தது. ஆனாலும் நிறையப் பிள்ளைகள் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்கள்.

தாளாளர் அன்றைக்கு என்னைத் திட்டத்தான் செய்தார். நாடகம் முடிந்து மாலையெல்லாம் போட்ட பிறகு, ஓரமாகக் கூப்பிட்டு, "நான் கையத் தூக்குனது தெரியலையா?" என்றார். "தெரிஞ்சுது சார்" என்றேன். "அந்தம்மா பேரு என்னா?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். மைக்கைப் பிடித்து நன்றி சொன்னபோது, டொம்முவாக நடித்தவர், பாடியவர் என்று இரண்டுமுறை அந்தப் பெயரைச் சொன்னார். ரம்யா எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை, அவள் போட்ட சத்தமே போதுமாக இருந்தது.

ஏழுமலை அண்ணன் அதன்பிறகு நம் குழுவுக்கென்று தனியாக ஒரு ஸ்கேல் செய்து கொடுத்தார். 'மண்ணுக்கு ஒண்ணு, மனுசாளுக்கு ஒண்ணு' என்று சொல்லித்தான் கொடுத்தார். அது ஒப்பனைப் பெட்டியில் இருக்கிறது. தொலைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு புதுப் படத்தையும் எடுக்கும்போது அவருடைய பழைய ஸ்கேலையும் நினைத்துக்கொள்ளுங்கள். படம் திரையிலிருந்து மேடைக்கு வரும்போது பல விஷயங்கள் சுருங்கும். மலை சுருங்கும், வேகம் சுருங்கும், கூட்டம் சுருங்கும். சுருங்காத ஒன்றும் இருக்கும், அன்றைக்கு மல்லிகா அக்காவின் குரல்போல. அதைச் சுருங்கும் என்று பயந்து பெரிதாக்கப் போனால்தான், உள்ளே இருக்கிற ஆள் காணாமல் போவார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். படத்தில் வருகிற மாதிரியே செய்யலாமா? முயன்று பாருங்கள். தலை செய்யுங்கள், வால் செய்யுங்கள், பறக்கக் கயிறு கட்டுங்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்த உருவத்தைக் கொடுக்காமல் ஏமாற்றாதீர்கள். ஆனால் எந்த நாடகத்திலும் ஓர் இடம் வரும். படத்துப் பாட்டு ஒரு பென்டிரைவில் தயாராக இருக்கும். மேடையில் நம் ஆள் ஒருவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு கை மேலே எழும்.

அந்தக் கைக்கும் மிக்சருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருக்கிறது. இத்தனை நாள் அது என் இடம். இனி உங்களுடையது. போய் நில்லுங்கள்.